சாந்தியின் பதக்கத்தை யார் கேட்பது?

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைக் கூலிகளின் மகள், தலித் பெண். சில நாட்களிலேயே பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. ஊக்கமருந்து எடுத்தாரா? ஆள்மாறாட்டம் செய்தாரா? பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். அந்தரங்கமாக இருந்திருக்க வேண்டிய மருத்துவ முடிவு தொலைக்காட்சியில் செய்தியாக ஓடியது.

அன்றைய முதல்வர் கலைஞர் அவருக்கு 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். பதக்கம் போன பிறகும் கொடுத்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பரிசு வேறு, பக்கபலம் வேறு. வழக்காட யார் போனார்கள்? 2012இல் அவர் சூளையில் கூலிவேலை பார்ப்பது செய்தியானது. நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்கப் பத்து ஆண்டு ஆனது.

இதே 800 மீட்டரில் 2009இல் பெர்லினில் தங்கம் வென்றார் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா. அவருக்கும் இதே சோதனை. அந்த நாட்டுத் தடகளச் சங்கம் ஒன்றும் யோக்கியமானதல்ல. சோதனை நடந்ததையே மறைத்துப் பொய் சொன்னது. ஆனால் மக்கள் விமான நிலையத்தில் திரண்டு நின்று வரவேற்றார்கள். அரசாங்கமே அவருக்காகச் சண்டைக்குப் போனது. தங்கம் அவரிடமே இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாட்டின் கொடியைப் பிடித்து வந்தவர் அவர்தான். சாரா பார்ட்மன் என்ற பெண்ணை ஐரோப்பாவில் காட்சிப்பொருளாக வைத்த வரலாறு தெரிந்தவர்கள் அவர்கள். கறுப்புப் பெண்ணின் உடம்பை அடுத்தவன் அளந்து பார்ப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரிந்தது.

நம் ஊரில் புரியாதா? புரியும். அளக்கப்படுவது யாருடைய பிள்ளை என்பதைப் பொறுத்துப் புரியும்.

"இது மருத்துவ விஷயம், இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்" என்பார்கள். சோதனை விதியில் சாதி இல்லை, சரி. சோதனைக்குப் பிறகு யாருக்கு வக்கீல், யாருக்குச் சூளை என்பதில் இருக்கிறது. 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்துக்கு இதே பிரச்சினை வந்தபோது இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. சர்வதேச நடுவர் மன்றம் வரை போனார்கள். 2015இல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. நல்ல விஷயம். டூட்டியும் ஏழை நெசவாளர் மகள்தான், அவருக்குக் கிடைத்ததில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் அதற்குப் பிறகாவது சாந்தியின் கோப்பைத் தூசி தட்டியிருக்க வேண்டாமா?

சங்கரன்கோவில் பக்கத்துக் காலனிகளில் நான் வேலை செய்கிறேன். தனித்தொகுதிதான் இது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து வரும் பெண்பிள்ளைகளுக்கு பி.டி. உஷாவைத் தெரிகிறது. சாந்தி என்றால் "யாருக்கா அது?" என்று கேட்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாதவரை அவர்கள் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்?

சமூகநீதி பேசும் தமிழ்நாடு அரசு, இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அந்த வெள்ளியைத் திரும்பக் கேட்கட்டும். புதுக்கோட்டையில் ஓர் ஓடுதளத்துக்குச் சாந்தியின் பெயரை வைக்கட்டும். திறப்பு விழாவுக்கு அவரையே அழைக்கட்டும்.