சேதாரக் கணக்கில் சேராத நுரையீரல்

நகைக் கடைக்குப் போனவர் எவரும் இரண்டு சொற்களைக் கேட்காமல் திரும்பியதில்லை. ஒன்று செய்கூலி, மற்றொன்று சேதாரம். அரத்திலே உதிர்ந்ததற்கும் நெருப்பிலே போனதற்கும் வாங்குகிறவர் விலை கொடுக்கிறார். பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட எறிந்துவிடுவதில்லை. அரித்து, உருக்கி, அதிலுள்ள பொன்னையும் வெள்ளியையும் மீட்கிறார்கள். குன்றிமணி எடையும் கணக்குக்குத் தப்பாது. நன்று! ஆனால் அதே துகளும் புகையும் தொழிலாளியின் மார்புக்குள் இறங்குகின்றனவே, அந்தச் சேதாரத்தை எந்தத் தராசில் நிறுப்பது? யார் கணக்கில் எழுதுவது? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் கொலுசுப் பட்டறை என்பது பல குடும்பங்களுக்கு வீட்டின் ஓர் அறைதான். கோவையின் பொற்கொல்லர் பலருக்கும் அதே நிலை. தந்தை பொடி வைத்து ஊதுகிறார். பிள்ளை பக்கத்திலே பாடம் படிக்கிறது. அடுத்த அறையிலே சோறு வேகிறது. பட்டறைப் புகைக்கு வீட்டார், வெளியார் என்ற பேதம் உண்டா?

அந்தப் புகையிலே என்ன இருக்கிறது? பற்றவைக்கும் பொடி சீக்கிரம் உருகவேண்டும் என்பதற்காகக் காட்மியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பதுண்டு. ‘கே.டி.எம்.’ என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். வெள்ளி உருக 961 டிகிரி வெப்பம் வேண்டும். காட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழல் நெருப்புக்கு முன் அது எம்மாத்திரம்? அந்த ஆவி அளவுக்கு மீறி உள்ளே போனால், முதலில் தொண்டைக் கரகரப்பும் காய்ச்சலும்தான் தெரியும். சாதாரணச் சளி என்று படுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், உயிரே போகலாம். சிறிது சிறிதாகப் போனாலோ, சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கி அதைக் கெடுக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1993-இலேயே உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகுத்துவிட்டது. நகையிலும் பற்றவைக்கும் பொடியிலும் இதற்கு 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அங்கே உள்ளவன் உயிர் வெல்லம், இங்கே உள்ளவன் உயிர் வேப்பங்காயா?

திராவகமும் இப்படித்தான். நைட்ரிக் திராவகத்தில் வெள்ளியையோ செம்பையோ போட்டதும் எழும் செம்பழுப்புப் புகை, அப்போது இருமலோடு விட்டுவிட்டு, பல மணி நேரம் கழித்து மூச்சை அடைக்கக் கூடியது.

“பாட்டன் காலத்திலிருந்து ஊதுகிறோம், என்ன ஆகிவிட்டது?” என்பார் சிலர். மெதுவாகக் கொல்வது கொலையாகாதா, தோழர்களே?

செய்யவேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல. காட்மியம் இல்லாத பொடியையே வாங்குவோம். எதைக் கலந்தது என்று சொல்லாத பொடியைத் தொடமாட்டோம். புகை பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிக்கவேண்டும். நெருப்புக்கு அருகே கூண்டும் குழாயும் வைத்து, உறிஞ்சும் விசிறியால் கூரைக்கு மேலே வெளியேற்றவேண்டும். புகை, முகத்தைத் தாண்டிப் போகாமல், முகத்தை விட்டு விலகிப் போகவேண்டும். மேசை விசிறி புகையை வெளியேற்றாது. வீடெங்கும் பங்கிட்டுக் கொடுக்கும். மெருகுச் சக்கரத்துக்கும் மூடிய கூண்டு வேண்டும். தரையை உலர்ந்தபடி கூட்டாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் தூசியும் எழாது, வெள்ளியும் வீணாகாது. திராவக வேலை வீட்டுக்குள் கூடாது. முகத்தில் கட்டும் துணி உலோகப் புகையைத் தடுக்காது. தூசிக்கென்று செய்த முகமூடி திராவகப் புகையைத் தடுக்காது.

இதற்கெல்லாம் பணம்? அங்கேதான் வழக்கு! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20, 40 என்று உயர்த்தியது. வீட்டுக்குள் நாலு பேர் ஊதும் பட்டறை அன்றும் அந்த வரம்புக்கு வெளியே, இன்றும் வெளியே. ஆனால் உலோகத்தை நிறுத்துக் கொடுத்து, கொலுசை நிறுத்து வாங்கும் வியாபாரி மட்டும் வெளியே நிற்கவில்லையே! லாபம் அவர் வீட்டுக்கு, புகை நம் வீட்டுக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே சங்கங்கள் கூலிப் பேச்சு நடத்தும்போது கூண்டுக்கும் விசிறிக்கும் ஆகும் செலவையும் சேர்த்தே பேசவேண்டும். ஆண்டுக்கொருமுறை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இலவசச் சோதனை நடத்த அரசு முன்வரவேண்டும். தெருத்தெருவாகப் பட்டறைகளுக்குச் சென்று இதை விளக்குவது நம் தோழர்களின் கடமை. துகளுக்குக் கணக்குக் கேட்கும் உலகத்திடம், மூச்சுக்கும் கணக்குக் கேட்போம்!