வலைத்தளத்திற்கு முதலில் வேண்டுவது வகைப்பாடு

மளிகைக் கடை தொடங்குபவர், எந்தெந்தச் சரக்கு எவ்வளவு வேண்டும், எது கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்று எண்ணிய பின்னரே அலமாரி செய்யத் தச்சரை அழைக்கின்றார். வலைத்தளம் அமைக்க முற்படும் பள்ளிகளும் தொண்டு அமைப்புகளும் இம்முறையைப் பல வேளைகளில் தலைகீழாகக் கையாளுகின்றன. வண்ணமும் படமும் முதலில் முடிவாகின்றன. சொல்ல வேண்டிய செய்தி கடைசியில் தேடப்படுகின்றது. இது திருத்தப்பட வேண்டிய பழக்கமாகும்.

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு அளிக்குமாறு விதித்தது. சிறுபான்மையினர் பள்ளிகள் பின்னர் இதினின்று விலக்கப்பட்டன. மகாராஷ்டிரத்தில் இதற்கான விண்ணப்பம் இணைய வழியே பெறப்படுகின்றது. மும்பையின் தாராவியில் தோல் பட்டறையிலோ தையற்கூடத்திலோ உழைக்கும் பெற்றோர், கைப்பேசியின் சிறு திரையில் இவ்விவரத்தைத் தேடுகின்றனர் எனக் கொள்வோம். உதவ முன்வந்த அமைப்பின் தளத்தில் தலைவரின் வாழ்த்துரை முகப்பிலும், விண்ணப்பத்தின் இறுதி நாளும் வேண்டிய சான்றிதழ்களும் நான்காம் பக்கத்தின் அடியிலும் இருக்குமாயின், நாள் கடந்துவிடும். குழந்தையின் வாய்ப்பும் நழுவிவிடும்.

இத்தகைய இடர்ப்பாட்டிற்கு வழி கண்டவர் தமிழ்நாட்டவரே. சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். வாசகரின் நேரத்தைக் காத்தல் அவ்விதிகளுள் ஒன்று. ஒரு பொருளைப் பல முகங்களில் பகுத்து நோக்கும் அவர்தம் முறை இன்று வலைத்தள அமைப்பிலும் பயன்படுகின்றது. இணையக் கடையில் விலை, அளவு, நிறம் எனத் தனித்தனியே தெரிந்தெடுக்க இயலுவது இவ்வகைப் பகுப்பினாலேயாம்.

தாராவி, மாதுங்கா, செம்பூர் வட்டாரங்களில் பணிபுரியும் ஆசிரியரும் கள ஊழியரும் இதனை எளிதில் மேற்கொள்ளலாம். முதலில், மக்கள் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் அவர்தம் சொற்களிலேயே குறித்து வைத்தல் வேண்டும். அடுத்து, ஒவ்வொரு தலைப்பையும் ஓர் அட்டையில் எழுதிப் பெற்றோர் சிலரிடம் தந்து, ஒன்றுசேர வேண்டியவற்றை அடுக்கச் சொல்லலாம். அவர்கள் அடுக்கும் முறையே தளத்தின் பிரிவுகளாதல் நன்று. மூன்றாவதாக, ஒவ்வொரு பக்கத்தையும் எழுதுபவர் யார், திருத்துபவர் யார், எந்நாளில் திருத்துவார், எம்மொழிகளில் வெளிவரும் என்பவற்றை வரையறுத்தல் வேண்டும்.

தளம் முதலில் எழும்பட்டும், செய்தியைப் பின்னர் நிரப்பலாம் என்பாரும் உளர். செய்தி நாளடைவில் வளரும் என்பது மெய்யே. நூலகம் வளரும் உயிர்ப்பொருள் என்பதும் அரங்கநாதன் விதிகளுள் ஒன்று. ஆயினும் எதை எங்கே சேர்ப்பது என்னும் ஒழுங்கு முன்னரே இருந்தாலன்றி, வளர்ச்சி குவியலாகவே முடியும். மேலும், தாராவி மக்களுக்கான தளம் மராத்தி, தமிழ், இந்தி, உருது ஆகிய மொழிகளை ஏற்க வேண்டியதாகலாம். ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வரைந்த கட்டத்தில் நீண்ட தமிழ்ச் சொல் அடங்காது. உருதுவோ வலமிருந்து இடமாக எழுதப்படுவது. இவற்றை அறியாது வரைந்த வடிவத்தை மீண்டும் வரைய நேரிடும். பொருளும் காலமும் இரட்டிப்பாகும்.

முன்னேற்பாட்டிற்கு வேண்டுவன சில அட்டைகளும், ஒரு குறிப்பேடும், மக்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையுமே. வடிவமைப்பாளரை அதன்பின் அழைத்தல் தகும்.