செத்த பணமும் தேர்ந்த கைகளும்

கவிதையும் கதையும் பேசும் இவ்விடத்தில் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். பெயர் கால்பந்தாயினும் கையால் எறிதலும் பிடித்தலுமே மிகுந்த ஆட்டம் அது. எறியப்படும் பந்தை ஓடிச்சென்று பற்றுபவரை ரிசீவர் என்பர். வயது முதிர்ந்த ரிசீவரை, செலவுக்கு இடமில்லாத அணி ஒப்பந்தம் செய்யலாமா என்னும் வினா அங்கே ஆண்டுதோறும் எழுகிறது. முதிர்ந்த திறனுக்கு என்ன விலை என்னும் வினாவும் அதனுள் அடங்கியிருப்பதால் நமக்கும் அதில் பேச இடமுண்டு.

அந்நாட்டின் என்.எஃப்.எல். அமைப்பு 1994இல் ஊதிய உச்சவரம்பைக் கொணர்ந்தது. அவ்வாண்டு ஓர் அணி தன் ஆட்டக்காரர் அனைவருக்குமாகச் செலவிடத்தக்க தொகை 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025இல் அது 27 கோடியே 92 லட்சம். உரிமையாளர் எத்துணைச் செல்வராயினும் கணக்கேட்டில் இவ்வரம்பை மீற இயலாது. ஆனால் சுமையைத் தள்ளிப்போட இயலும். ஒப்பந்தம் செய்யும்போது கையில் கொடுக்கும் ஊக்கத்தொகையை ஐந்தாண்டு வரை பிரித்து எழுதிக்கொள்ளலாம். ஆட்டக்காரர் இடையில் நீங்கினால், எழுதாது எஞ்சிய தொகை அணியின் தலையில் வந்து விழும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'செத்த பணம்'. ஆடாதவர் பெயரில் எழுதும் பற்று என்பதால் பெயர் பொருத்தமானதே.

முதுமையே குற்றம் என்பாருக்கு ஜெர்ரி ரைஸ் விடையாக நிற்கிறார். 1985 முதல் பதினாறு பருவங்கள் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு ஆடியவரை, உச்சவரம்பு நெருக்கடியும் டெரல் ஓவன்ஸ் என்னும் இளையவரின் எழுச்சியும் சேர்ந்து 2001இல் வெளியேற்றின. அப்போது அவருக்கு வயது 38. விரிகுடாவின் எதிர்க்கரையிலுள்ள ஓக்லாந்து அணி அவரை ஏற்றது. அவ்வாண்டு 83 பந்துகளைப் பிடித்து 1,139 கெஜம் சேர்த்தார். நாற்பது வயதைத் தொட்ட 2002இல் 92 பந்துகள், 1,211 கெஜம். அணியும் இறுதிப்போட்டி வரை சென்றது. கால் வேகம் குறைந்தபின்னும், எங்கே திரும்பினால் காப்பாளன் தடுமாறுவான் என்னும் அறிவு குறையவில்லை. சுமையைப் பகிர டிம் பிரவுன் உடனிருந்தார் என்பதையும் மறக்கலாகாது.

ஸ்டீவ் ஸ்மித்தின் கதையும் அத்தகையதே. பதின்மூன்று பருவங்கள் ஆடிய கரோலினா அணி 2014இல் அவரை விடுவித்தது. மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 15 லட்சம் டாலருக்குப் பால்டிமோர் அவரைப் பெற்றது. அவ்வாண்டே 1,065 கெஜம் சேர்த்தார். பழைய அணியை எதிர்த்தாடியபோது இருமுறை டச் டவுன் அடித்து அதனை வீழ்த்தவும் துணை நின்றார்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பெருந்தொற்றால் 2021இல் உச்சவரம்பு 19 கோடியே 82 லட்சத்திலிருந்து 18 கோடியே 25 லட்சமாகச் சரிந்தது. நெருக்கடியில் சிக்கிய அட்லாண்டா, 32 வயதான ஜூலியோ ஜோன்ஸை டென்னசிக்கு மாற்றிக்கொடுத்தது. டென்னசி ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையை ஈந்ததோடு, அவ்வாண்டுக்கு உறுதியளிக்கப்பட்டிருந்த 1 கோடியே 53 லட்சம் டாலர் ஊதியத்தையும் ஏற்றது. காயங்களுக்கிடையே அவர் பிடித்தவை 31 பந்துகள். அடுத்த மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். இரு காலத்து உச்சவரம்புகள் வேறாயினும், ஸ்மித்தின் மூன்றாண்டு விலையை விஞ்சிய தொகை ஓராண்டில் கரைந்தது.

ஆகவே, பிழை வயதில் இல்லை, விலையில் உள்ளது என்பதே நம் கருத்து. நெருக்கடியிலுள்ள அணி முதியவரின் பெயருக்கு விலை கொடுக்கலாகாது. இன்று எஞ்சியிருக்கும் திறனுக்கே கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் குறுகியதாக, உறுதித்தொகை சிறியதாக இருத்தல் நலம். நாளைய கணக்கில் எழுதி இன்று செலவிடுவது, எவரும் ஆடாத பருவத்துக்குச் செத்த பணத்தைச் சேர்த்துவைப்பதாகும். பெற்றவருக்கும் எல்லாச் சுமையையும் ஏற்றாமல், இக்கட்டான தருணங்களில் நம்பத்தக்க கைகளாகவே அவரைப் பயன்கொள்ள வேண்டும்.

இதற்கு அவ்வமைப்பின் விதியிலேயே ஒரு வழி உண்டு. அனுபவம் கூடக் குறைந்தபட்ச ஊதியமும் கூடுகிறது. மலிவான இளையவர் இருக்க முதியவரை எவர் வேண்டுவர்? ஆசிரியப் பணியிலிருப்போருக்கு இம்முரண் புதிதன்று; காப்பதற்கென எழுதிய ஊதிய விகிதமே வேலைக்கு உலையாவதை நாமும் அறிவோம். அங்கே அதற்கு மாற்றுக் கண்டனர். பத்தாண்டு ஆடியவர் குறைந்தபட்ச ஊதியத்தில் ஓராண்டு ஒப்பந்தம் செய்தால், 2025 கணக்குப்படி அவர் பெறுவது 12,55,000 டாலர். உச்சவரம்பில் எழுதப்படுவதோ இரண்டாண்டு அனுபவமுடையவருக்குரிய 10,30,000 மட்டுமே.

அனுபவத்துக்குரிய ஊதியத்தைக் குறைக்காமலே அதன் சுமையைக் குறைக்கும் இவ்விதி நம் கண்ணுக்கு அறமாகவே தோன்றுகிறது. நட்சத்திரங்களை எவரேனும் அழைத்துக்கொள்வர். பெயர் பெறாது பத்தாண்டு ஓடிய கால்களுக்கு இன்னும் ஒரு பருவம் கிடைப்பது இத்தகைய சிறு விதிகளால்தான்.