வெயிலுக்கும் விலை வேண்டும்

மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கு சூரிய சக்தி பம்ப்செட் நல்ல வழி. வேளாண் பொறியியல் துறை மூலம் மானியமும் உண்டு. ஆனால், பாசனம் இல்லாத நாளில் அந்த மின்சாரம் வீணாகிறது. வீணாக்க மனமின்றி மோட்டாரை ஓட்டினால் கிணறு வற்றுகிறது. ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் போன்ற கிணற்றுப் பாசனப் பகுதிகளுக்கு இது பெரிய கவலை.

குஜராத்தின் கேடா மாவட்டம், துண்டி கிராமத்தில் 6 விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 2016 முதல் உபரி மின்சாரத்தை அரசு மின் நிறுவனத்துக்கு விற்றனர். யூனிட் ரூ.4.63 வீதம் 25 ஆண்டு ஒப்பந்தம். பதிலுக்கு, மானிய மின் இணைப்பு கேட்பதில்லை என ஒப்புக்கொண்டனர். இறைக்காமல் விட்ட தண்ணீரும் வருமானமானது.

தமிழகத்தில் 1990 முதல் பம்ப்செட்டுகளுக்கு இலவச மின்சாரம். எனவே, இணைப்பு உள்ளவர் மின்சாரத்தை விற்று வருமானம் பார்க்க முடிந்தால்தான் சோலார் பக்கம் வருவார். 2019-ல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டம் அதற்கு வழி செய்கிறது. துணை மின்நிலையத்திலிருந்து 5 கி.மீ.க்குள் உள்ள தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் நிலையம் அமைத்து மின்சாரத்தை விற்கலாம்.

கம்பியும் துணை மின்நிலையமும் மின்வாரியத்திடம்; சோலார் தொழில்நுட்பம் புதிய நிறுவனங்களிடம்; நிலம் விவசாயியிடம். ஒருவரை விட்டு ஒருவர் நகர முடியாது. கட்டுப்படியாகும் விலையையும், தாமதமில்லாத பட்டுவாடாவையும் மின்வாரியம் உறுதி செய்ய வேண்டும். நிறுவனங்கள் 5 ஆண்டு பராமரிப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எந்தத் துணை மின்நிலையத்தில் இடமிருக்கிறது என்பதை வேளாண் அலுவலர்கள் கேட்டறிந்து கிராமத்தில் சொல்ல வேண்டும். விவசாயிகள் தனித்தனியே அலையாமல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் சேர்ந்து கேட்பதே பலம்.