காவல் கொட்டகைக்கு எந்த இன்வெர்ட்டர்?

கேள்வி: காட்டுப்பன்றிக்குப் பயந்து கடலைக் காட்டில் இரவு தங்குகிறோம். கொட்டகையில் மின் இணைப்பு இல்லை. 2 எல்.இ.டி பல்பு, ஒரு டேபிள் ஃபேன், செல்போன் சார்ஜ், இவ்வளவுதான் தேவை. கடையில் 1,000 வாட் இன்வெர்ட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அவ்வளவு பெரியது வேண்டாம். பல்பு இரண்டுக்கும் 18 வாட், ஃபேனுக்கு 50, செல்போனுக்கு 10. மொத்தமே 78 வாட். 300 வாட் இன்வெர்ட்டர் தாராளம். பெரியது சும்மா இருக்கும்போதும் பேட்டரியைக் கூடுதலாக இழுக்கும். 'சைன் வேவ்' என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த 'ஸ்கொயர் வேவ்' வகையில் ஃபேன் இரையும், சூடாகும்.

மிச்சமாகும் பணத்தைப் பேட்டரியில் போடுங்கள். இவை எல்லாம் 6 மணி நேரம் ஓட கிட்டத்தட்ட அரை யூனிட் ஆகும். 12 வோல்ட், 100 ஏ.ஹெச் டியூபுலர் பேட்டரி போதும். பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். வண்டி பேட்டரி இதற்கு உழைக்காது. பகலில் சார்ஜ் ஏற்ற 200 வாட் சோலார் பேனலும், சார்ஜ் கன்ட்ரோலரும் வையுங்கள். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பன்றியை விரட்ட இந்த இன்வெர்ட்டரிலிருந்து வேலிக்குக் கம்பி இழுக்காதீர்கள். பேட்டரியில் ஓடினாலும் வெளியே வருவது 230 வோல்ட், ஆளைக் கொல்லும். சட்டப்படியும் குற்றம். வேலிதான் வேண்டும் என்றால், விட்டுவிட்டு அதிர்வு தரும் சோலார் வேலிக் கருவி தனியாக இருக்கிறது. அதற்கு உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் விசாரியுங்கள்.