தோல் டாக்டர் படிப்பும் கொஞ்சம் காமர்ஸும்

"பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிற உனக்கு டாக்டர் படிப்பைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: மருத்துவம் தெரியாது. டிமாண்டு, சப்ளை, லாபம், நஷ்டம் கொஞ்சம் தெரியும். போதாததற்கு எங்கள் பெரியம்மா மகள் தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் அக்காவை ஓரமாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பது என் வேலை. (மற்ற சொந்தக்காரர்கள் முகப்பருவுக்கு மருந்து கேட்பார்கள். நான் மட்டும்தான் பாடத்திட்டம் கேட்பேன் :-))

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அப்புறம் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அதை முடித்துவிட்டு மேற்படிப்புக்காக நீட் பி.ஜி. எழுதுகிறார்கள். கலந்தாய்வில் நல்ல ரேங்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போகும் பாடங்களில் ரேடியாலஜியும் தோல் மருத்துவமும் வருஷா வருஷம் இருக்கும். இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் ரேடியாலஜி, ஆப்தல்மாலஜி, அனஸ்தீசியாலஜி, டெர்மடாலஜி என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரோடு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நிம்மதியான வாழ்க்கைக்குப் போகிற ரோடாம்.

உடனே நம் மக்கள் சொல்கிற வசனமும் தெரிந்ததுதான். "ராத்திரி டியூட்டி கிடையாது, எமர்ஜென்சி கிடையாது, பேஷன்ட் சாக மாட்டான், கிரீம் எழுதிக் கொடுத்தால் காசு." இவ்வளவு நல்ல ரேங்க் வாங்கிய பையன் இதயத்தைப் பார்க்காமல் முகப்பருவைப் பார்க்கப் போகிறானே என்று ஒரு பெருமூச்சு வேறு.

என் கட்சி வேறு. அந்தப் படிப்பை எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. அந்த மூன்று வருஷம் ஒரு டாக்டருக்கு என்னவெல்லாம் சொல்லித் தருகிறது என்பது வெளியே இருக்கிற நமக்குத் தெரியவில்லை. அதில் எதற்குப் பணம் கொடுப்பது என்று நம் சந்தைக்கும் தெரியவில்லை. கோளாறு அங்கேதான்.

முதலில் பட்டத்தின் பெயரைப் பாருங்கள். எம்.டி. டி.வி.எல். 'டி' என்றால் டெர்மடாலஜி, தோல். 'வி' என்றால் வெனீரியாலஜி, பால்வினை நோய்கள். 'எல்' என்றால் லெப்ரஸி, தொழுநோய். இந்தியாவில் தோல் டாக்டர் ஆக வேண்டுமென்றால் மூன்றையும் படித்தாக வேண்டும். விளம்பரப் பலகையில் முதல் எழுத்து மட்டும்தான் மின்னும், அதுவும் 'ஸ்கின், ஹேர், லேசர்' என்று.

'பேஷன்ட் சாக மாட்டான்' என்பது சுத்தப் பொய். சிலருக்கு வலிப்பு மாத்திரையோ, சல்ஃபா மருந்தோ, யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினாலோ ஒத்துக்கொள்ளாமல் போய், உடம்புத் தோல் தீக்காயம் பட்டதுபோல உரிந்துவிடும். டி.இ.என். என்கிறார்கள். பிழைப்பதே பெரும்பாடு. பெம்பிகஸ் என்று இன்னொன்று, உடம்பெல்லாம் கொப்புளம் வெடித்துப் புண்ணாகும். ஸ்டீராய்டு வருவதற்கு முன்பு அது வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். அதற்கு 1980களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே.எஸ். பஸ்ரிச்சா கொண்டுவந்த 'பல்ஸ்' சிகிச்சை முறை நாடு முழுக்கப் பரவியது. தோல் வார்டில் இதையெல்லாம் பார்த்துத்தான் அவர்கள் எம்.டி. வாங்குகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இந்தப் படிப்பில் ஒரே ஆள் பல வேலை பார்ப்பது. படர்தாமரை என்று சந்தேகம் வந்தால் அந்த இடத்தைச் சுரண்டி, ஸ்லைடில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சையைத் தானே பார்ப்பார். சின்னதாகத் தோலை வெட்டி எடுத்து, அந்தத் திசுவைப் படிக்கவும் கற்றுக்கொள்வார். மருந்து எழுதுவார், ஒளி சிகிச்சை கொடுப்பார், வெண்புள்ளிக்குத் தோல் ஒட்டும் ஆபரேஷனும் செய்வார். ஒரு புதிய டாக்டருக்கு மெடிசின், சர்ஜரி, பெத்தாலஜி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிற பாடங்கள் எத்தனை இருக்கும்?

இன்னொன்று, நம் நிறம். வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் பல காலமாக வெள்ளைத் தோல் படங்கள்தான் அதிகம். அதில் 'சிவப்புத் திட்டு' என்று போட்டிருப்பது மாநிறத் தோலில் பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர் இந்தக் குறையைப் பார்த்துவிட்டு, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்று 2020இல் ஒரு கையேடே கொண்டுவந்தார். நம் அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பாடம் தினமும் வரிசையில் நின்று வருகிறது.

இப்போது 'எல்'லுக்கு வருகிறேன். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2005 டிசம்பரில் அரசு அறிவித்தது என்னவென்றால், தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக வந்துவிட்டது என்பது. அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். 2022இல் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அந்த வருஷம் உலகத்தில் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு மேல் நம்மவர்கள். 2027க்குள் பரவலை நிறுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது.

இதற்கு மருந்து உண்டு, அதுவும் இலவசம். கூட்டு மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. பொதுவாக ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் கிருமி போய்விடும். ஆனால் நரம்பு செத்துப்போனால் அதைத் திருப்பிக் கொடுக்க மாத்திரை கிடையாது. உணர்ச்சியில்லாத ஒரு வெளிறிய திட்டை 'தேமல்தான், போய்விடும்' என்று ஒருவர் அனுப்பிவிட்டால், அந்த ஆளுடைய கை சூடு தெரியாமல் போகும், விரல் மடங்கும், கூலி வேலை போகும். முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்து 'தடித்திருக்கிறது' என்று சொல்ல ஒரு பழகிய விரல் வேண்டும். டி.வி.எல். அந்த விரலைத்தான் தயார் செய்கிறது. இதற்குப் பெயர்போன இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன: செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம், வேலூர் பக்கம் காரிகிரி.

'வி'யும் அப்படித்தான். சிபிலிஸ் எந்த நோய் மாதிரியும் வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்பார்கள். ஊசிக்குக் கட்டுப்படுகிற நோய். கர்ப்பிணியிடம் கண்டுபிடிக்காமல் விட்டால் குழந்தைக்குப் போகும். இதைச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதற்கே நம் ஊரில் எவ்வளவு தைரியம் வேண்டும்! வருகிறவரை முகம் சுளிக்காமல் விசாரிப்பதும் ஒரு பயிற்சிதான்.

இனி காமர்ஸ். மூன்று எழுத்தையும் படித்துவிட்டு ஒருவர் வெளியே வருகிறார். லேசருக்கும் முடி நடுவதற்கும் ஜனங்கள் கையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்கிறார்கள். தொழுநோயாளியிடம் காசு இல்லை. பால்வினை நோயாளி பெயரையே மாற்றிச் சொல்கிறார். அப்புறம் கிளினிக் எந்தப் பக்கம் போகும்? மனசு கெட்டுப்போனதால் அல்ல, கடன் கட்ட வேண்டும். அழகு சிகிச்சையைக் கேவலமாகப் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. முகத்தில் ஒரு வெண்புள்ளி வந்ததற்கே கல்யாணம் நின்றுபோகிற நாட்டில் தோற்றம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தோல் டாக்டர் இல்லாத இடத்தை வேறு யாரோ நிரப்பிவிடுகிறார்கள். அரிப்பு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த ஆயின்ட்மென்ட் கையில் வரும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், உள்ளே படர்தாமரை பரவும். சிவப்பழகுக்கு அதையே முகத்தில் தடவினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் இன்னும் மோசமாகும். 2018இல் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. சட்டம் வந்தது சரி, சீட்டு எழுதிக் கொடுக்க அந்த ஊரில் ஆள்? முடி நடுவதை யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் எழுதவேண்டி வந்தது.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றும் இரண்டு யோசனைகள்.

ஒன்று, 2021 பேட்ச்சிலிருந்து எம்.டி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவில் வேலை பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. தோல் மாணவர்களுக்கு அந்த மூன்று மாதத்தை வீடு வீடாகத் தொழுநோய் தேடுகிற பணியாளர்களோடு இணைத்துவிட வேண்டும். மாணவருக்குப் பாடம், அந்தப் பணியாளருக்கும் பாடம்.

இரண்டு, தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் நிரந்தரத் தோல் மருத்துவர் இடங்களை உருவாக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் ஒரு எம்.டி. இடத்துக்கு மாணவர் கட்டும் ஃபீஸ் கொஞ்சம், மீதிச் செலவு நம் வரிப்பணம். முதல் போட்டவன் லாபத்தை எடுக்க ஒரு கடையாவது திறக்க வேண்டாமா? வேலையே இல்லாத ஊருக்கு 'சேவை செய்ய வா' என்று கூப்பிடுவது என்ன நியாயம்?

எம்.பி.பி.எஸ். படிக்கிற நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் எடுங்கள், தாராளமாக எடுங்கள். ராத்திரி தூங்குவது குற்றம் இல்லை. ஆனால் எடுக்கும்போது மூன்று எழுத்துக்கும் சேர்த்து எடுங்கள். லேசர் மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும். ஓ.பி.யில் பழகிய கண்ணுக்கும் விரலுக்கும் அந்தக் கணக்கு கிடையாது. கிளினிக் வைத்த பிறகும் வாரத்தில் ஒரு அரை நாள் அதற்கு ஒதுக்கினால், வரிசையில் நிற்கிற யாரோ ஒருவருடைய விரல்கள் தப்பிக்கும்.

தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் டாக்டர்கள் திட்டலாம். அக்கா ஏற்கெனவே ஒரு ரவுண்டு திட்டிவிட்டார். திங்கட்கிழமை எனக்கு காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சை, அதற்கப்புறம் நிதானமாகச் சண்டை போடுவோம்.