144 ரூபாய் எண்ணெய் மலிவா, 158 ரூபாய் எண்ணெய் மலிவா? மளிகை பில்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க!

மாதத்தின் முதல் ஞாயிறு. சூப்பர் மார்க்கெட்டில் இருந்து திரும்பி, பைகளை ஹாலில் இறக்கி வைத்த கையோடு கணவர் பில்லை எடுக்கிறார். 6,840 ரூபாய். மளிகைக்கு என்று இருவரும் ஒதுக்கி வைத்தது 5,000. பத்தாம் தேதிக்குள் பள்ளி வேன் பணம் கட்ட வேண்டும்.

"அனாவசியமா ஒண்ணுமே வாங்கலையேங்க..."

"அப்புறம் எப்படி 1,840 ரூபாய் கூடுச்சு?"

அநேகமாக எல்லா வீடுகளிலும் நடக்கிற பேச்சுவார்த்தைதான் இது. பெரும்பாலும் சண்டையில் முடியும். ஆனால், பில்லை வரிவரியாகப் படித்தால் பதில் அதிலேயே இருக்கும்.

முதலில் எண்ணெய். அலமாரியில் இரண்டு சூரியகாந்தி எண்ணெய் கவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று 158 ரூபாய், இன்னொன்று 144. பார்க்க ஒரே அளவு. கை தானாக 144-க்குத்தான் போகும். கவரைத் திருப்பினால்தான் தெரியும், அது 850 மி.லி. என்று! மில்லிக்கு சுமார் 17 பைசா, அதாவது லிட்டர் கணக்கில் 169 ரூபாய்க்கு மேல். 14 ரூபாய் குறைவு என்று எடுத்தது, உண்மையில் லிட்டருக்கு 11 ரூபாய்க்கு மேல் கூடுதல். மூன்று கவர் வாங்கியிருந்தால் 450 மி.லி. குறைவாக வீட்டுக்கு வந்திருக்கிறது. 'போன வாரம்தானே பிரிச்சேன், அதுக்குள்ள எண்ணெய் தீர்ந்துடுச்சா?' என்று 25-ம் தேதி வரும் சந்தேகத்துக்குக் காரணம் இதுதான். சமைப்பவரின் தாராளக் கை இல்லை!

இந்தக் கணக்கை மனதுக்குள் போட வேண்டிய அவசியமும் இல்லை. பொட்டலப் பொருட்களில் எம்.ஆர்.பி-யுடன் 'யூனிட் சேல் பிரைஸ்' என்ற அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்பது இப்போது சட்டம். எம்.ஆர்.பி-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் கிராமுக்கு எவ்வளவு, ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அரை கிலோ பாக்கெட்டில் 0.28 என்றும் இரண்டு கிலோ பாக்கெட்டில் 260 என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்குங்கள். 280 ரூபாய். ஆக, பெரிய பாக்கெட் மலிவு. எழுத்து தெரியவில்லை என்றால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆனால், பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். ஷாம்பூவில் பல பிராண்டுகளில் கதை தலைகீழ். 180 மி.லி. பாட்டில் 160 ரூபாய் என்றால் மில்லிக்கு 89 பைசா. 5 மி.லி. உள்ள 2 ரூபாய் சாஷே, மில்லிக்கு 40 பைசா! வீட்டில் பிளாஸ்டிக் குப்பை சேரும் என்பது உண்மை. அதை யோசித்து பாட்டிலே வாங்குபவர்கள் வாங்கட்டும். லாபம் என்று நினைத்து மட்டும் வாங்க வேண்டாம்.

பில்லில் அடுத்த வரி, 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' பிஸ்கட். மூன்று பாக்கெட் இருந்தால் மூன்று நாளில் தீரும். ஒரு பாக்கெட் இருந்தாலும் மூன்று நாள் ஓடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ரவை, மைதா ஆஃபரும் அப்படித்தான். மழைக்காலத்தில் வண்டு சாப்பிட்டதுபோக மிச்சம்தான் வீட்டுக்கு.

பில்லிலேயே வராத செலவு ஒன்று உண்டு. நடுவில் ஒரு கட்டு கொத்தமல்லி தேவைப்பட்டால் ஆப்பைத் திறக்கிறோம். டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க இன்னும் நூற்றைம்பது ரூபாய்க்கு எதையாவது சேர்க்கிறோம். மாதம் ஐந்தாறு முறை இப்படி நடந்தால் கூட்டிப் பாருங்கள். தெருமுனை அண்ணாச்சி கடையில் கொத்தமல்லிக்குப் போனவர் கொத்தமல்லியோடு திரும்புவார்.

சரி, பில்லுக்கு வெளியே என்ன இருக்கிறது? ரேஷன் கடை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் பருப்பு நூறைத் தாண்டி விற்கும்போது ஒரு கிலோவிலேயே 70 ரூபாய்க்கு மேல் மிச்சம். அரிசி வாங்காத சர்க்கரை அட்டைக்காரர்களுக்கும் பருப்பு, பாமாயில் உண்டு. 'வரிசையில யார் நிக்கிறது?' என்று விட்டுவிடுபவர்கள்தான் நிறைய. கடையில் இருப்பு இருக்கிறதா என்பதை டி.என்.ஈ.பி.டி.எஸ். செயலியிலேயே பார்த்துவிட்டுப் போகலாம்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999-ல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. இன்று பல ஊர்களில் இருக்கிறது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கும் அதே விலைதான். ஒரே நிபந்தனை, சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.

புளியும் மிளகாயும் மாதாமாதம் நூறு கிராம் பாக்கெட்டில் வாங்குகிற பொருளே இல்லை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கல் உப்பு தூவி ஜாடியில் அடைத்த பாட்டிகளுக்கு அலகு விலை என்ற பெயர் தெரியாது. கணக்கு தெரியும். வற்றலையும் மல்லியையும் காயவைத்து மிஷினில் அரைத்து வைத்தால் தூள் பாக்கெட் செலவும் குறையும்.

அந்த வீட்டில் பில்லைப் படித்து முடித்தபோது மணி ஒன்பதரை. மனைவி அடுத்த மாதப் பட்டியலை இப்போதே போனில் எழுதத் தொடங்குகிறார். எண்ணெய்க்கு எதிரே '1 லிட்டர்தானா பாக்கணும்' என்று ஒரு குறிப்பு. அதற்குள் போன் அடிக்கிறது. எதிர்வீட்டு அக்கா.

"நாளைக்கு ரேஷன்ல பருப்பு போடுறாங்களாம். காலையில நான் போறேன், நீயும் வர்றியா?"

"வரேன்க்கா. கார்டை இப்பவே பையில எடுத்து வச்சிடறேன்."